இன்னும் ஒரு முறை

நுழையும்முன்

திரையில் ஆடும் விளையாட்டு பொழுதை வீணாக்கும் என்பது பெரியோர் பலரின் எண்ணம். அதே விளையாட்டு, செயலிழந்த கையை மீட்கும் மருத்துவக் கூடத்திற்குள் நுழைந்தது எப்படி? அங்கே அது சாதித்தது என்ன? சாதிக்க இயலாதது என்ன? பக்கவாதத்திற்குப் பின் ஒரு கை மீண்டும் உழைக்கக் கற்றுக்கொள்ளும் கதையின் வழியாக, விளையாட்டின் இயல்பையும் பயிற்சியின் ஆற்றலையும் இப்பாடம் விளக்குகிறது.

உழைக்கும் கைகள்

சென்னையிலிருந்து வடக்கே கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், ஆந்திர எல்லையை எட்டுவதற்குச் சற்று முன்னதாக அமைந்திருக்கிறது கும்மிடிப்பூண்டி. அவ்வூரைச் சுற்றிச் சிப்காட் தொழிற்பேட்டை விரிந்து கிடக்கிறது. பழைய இரும்பை உருக்கும் உலைகளும், உருகிய இரும்பைக் கம்பிகளாக நீட்டும் உருட்டாலைகளும், வார்ப்படச் சாலைகளும் அங்கே இரவு பகலாக இயங்குகின்றன. மாவட்டத் தலைநகரான திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் தொழிற்பேட்டை இருக்கிறது. ஆலைகளைத் தாண்டிச் சென்றால் நெல்வயல்களில் நாற்று நடும் கைகளையும், பழவேற்காட்டு ஏரியில் வலை இழுக்கும் கைகளையும், பனையோலைக் கூடை முடையும் பெண்களின் விரல்களையும் காணலாம். இம்மாவட்டத்தில் எண்ணற்ற குடும்பங்களின் அடுப்பு, கையை நம்பியே எரிகிறது.

அப்படிப்பட்ட கை ஒரு நாள் காலையில் எழ மறுத்துவிட்டால் என்னவாகும்? சட்டைப் பொத்தானை மாட்ட முடியாது. சோற்றைப் பிசைய முடியாது. குறடு பிடிக்க முடியாது. கால் ஓரளவு தேறி நடை திரும்பிய பிறகும் கை மட்டும் மடியில் கிடக்கும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இவ்வாலைகளில் பணிபுரியும் தொழிலாளி ஒருவருக்கு இந்நிலை நேர்ந்தால், கைதூக்கிவிட உறவினரும் அருகில் இல்லை. 25 வயதைக் கடந்தவர்களில் நால்வருள் ஒருவருக்கு வாழ்நாளில் என்றேனும் பக்கவாதம் வரக்கூடும் என உலகப் பக்கவாத அமைப்பு எச்சரிக்கிறது. ஆகவே இது யாரோ ஒருவரின் துயரம் என ஒதுக்கிவிடத்தக்கது அன்று.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் அமாவாசை நாளன்று வெல்லத்தைக் கரைத்து, அது கரைவதுபோல் நோயும் கரைய வேண்டும் என வேண்டிக்கொள்வது மக்கள் வழக்கம். துன்பம் விரைவில் கரைந்துவிட வேண்டும் என ஏங்குவது மனித இயல்பு. ஆயினும் பக்கவாதம் தந்த தளர்ச்சி அவ்வளவு விரைவாகக் கரைவதில்லை. ஒவ்வோர் அசைவாக, ஒவ்வொரு நாளாகத்தான் அது விலகுகிறது. அந்த நெடும்பயணத்தில் நோயாளியைச் சோர்ந்துவிடாமல் நடத்திச் செல்வது எவ்வாறு என்பதே மறுவாழ்வு மருத்துவத்தின் முதன்மையான கேள்வி.

மூளையில் நிகழும் விபத்து

பக்கவாதம் கையில் தோன்றும் நோயன்று. மூளையில் நிகழும் விபத்து. மனித மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைத்துச் செலவழிக்கும் வசதி மூளைக்கு இல்லை. எனவே மூளைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, அக்குழாயை நம்பியிருந்த நரம்பணுக்கள் உடனே மடியத் தொடங்குகின்றன. பெருங்குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சையின்றி விடப்பட்டால், ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது.

மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் இயக்குகின்றன. அசைவுகளை ஆளும் மூளைப்புறணியில் கைக்கும் விரல்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ள பரப்பு மிகப் பெரியது. முதுகு, தொடை போன்ற பெரிய உறுப்புகளுக்குக்கூட அவ்வளவு இடமில்லை. ஊசியில் நூல் கோக்கவும், வீணை மீட்டவும், எழுதவும் கற்ற உறுப்பு கை. நுட்பம் மிகுந்ததனாலேயே அது மீண்டு வருவதற்கும் நெடுங்காலம் பிடிக்கிறது.

தெரிந்து தெளிவோம்

முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சு குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் முதன்மை அறிகுறிகள். இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் தாமதிக்காமல் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். குழாய் அடைப்பால் வந்த பக்கவாதமாயின், அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்துவதே வழக்கமான நெறி. வெடிப்பால் வந்ததாயின் அம்மருந்து தீங்கு விளைவிக்கும். ஆதலால் மூளையைப் படமெடுத்துப் பார்த்த பின்னரே மருத்துவர் முடிவு செய்வார்.

கோலி உருட்டிய பேராசிரியர்

வளர்ந்த மனிதரின் மூளை மாற்றமில்லாதது, அதில் அழிந்த வழித்தடம் அழிந்ததுதான் என்ற கருத்து நெடுங்காலம் மருத்துவ உலகில் வலுவாக இருந்தது. சில வாரப் பயிற்சிக்குப் பின் முன்னேற்றம் தென்படவில்லை என்றால், இனி இவ்வளவுதான் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கமாயிருந்தது. அக்கருத்தை அசைத்த நிகழ்வுகளுள் ஒன்று ஒரு குடும்பத்திற்குள்ளேயே நடந்தது.

பெட்ரோ பாக்-இ-ரீட்டா நியூயார்க் நகரக் கல்லூரியில் பேராசிரியர். 1950-களின் இறுதியில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சு போயிற்று, உடலின் ஒரு பாதி அசையவில்லை. மெக்சிகோவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அவருடைய மகன் ஜார்ஜ் தந்தையைத் தம்மிடம் அழைத்துச் சென்றார். மறுவாழ்வு மருத்துவத்தில் ஜார்ஜுக்குத் தனிப்பயிற்சி எதுவும் இல்லை. குழந்தை எப்படிக் கற்கிறதோ அப்படியே தந்தையும் கற்கட்டும் என்று எண்ணினார். முதலில் தந்தையைத் தவழச் செய்தார். பின்னர்த் தரையில் கோலிக்குண்டுகளை உருட்டிவிட்டு, தளர்ந்த கையால் அவற்றைப் பிடிக்கச் செய்தார். பாத்திரம் கழுவும் வேலையும் பயிற்சியாயிற்று. முதிய பேராசிரியர் தரையில் தவழ்ந்து கோலி ஆடுவதைக் கண்ட அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தனர். ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. மாதங்கள் பல கடந்தன. பெட்ரோ மீண்டும் கல்லூரிக்குத் திரும்பிப் பாடம் நடத்தினார், மலையேற்றமும் செய்தார்.

1965-இல் கொலம்பிய நாட்டு மலைப்பகுதி ஒன்றில் அவர் மாரடைப்பால் மறைந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்தபோதுதான் வியப்பு காத்திருந்தது. பக்கவாதம் அழித்த நரம்புத் தடங்கள் அழிந்தபடியே இருந்தன. அழிந்தவை முளைக்கவில்லை, எஞ்சியிருந்த பகுதிகள் அவற்றின் பணியை ஏற்றுக்கொண்டிருந்தன. மற்றொரு மகனான பால் பாக்-இ-ரீட்டா தம் வாழ்நாளை மூளையின் நெகிழ்திறனை ஆராய்வதற்கே ஒப்படைத்தார்.

ஒருங்கே இயங்கும் நரம்பணுக்களுக்கு இடையிலுள்ள தொடர்பு வலுப்பெறுகிறது என்பதைக் கனடிய உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949-இல் ஒரு கோட்பாடாக முன்வைத்திருந்தார். ஆள் நடக்க நடக்க வயல்வெளியில் ஒற்றையடிப்பாதை உருவாவதைப் போன்றது இது. பழைய சாலை வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டால், மக்கள் வரப்பின்மீது நடக்கத் தொடங்குவார்கள். நடந்துகொண்டே இருந்தால் வரப்பு பாதையாகும். நடையை நிறுத்திவிட்டால் புல் மூடிவிடும்.

நடை நின்றுவிடும் ஆபத்தை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டௌப் சுட்டிக்காட்டினார். தளர்ந்த கையால் முயன்று தோற்றவர் நல்ல கையாலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளப் பழகிவிடுகிறார். தளர்ந்த கையைப் பயன்படுத்தாமலிருக்கவே மூளை கற்றுக்கொள்கிறது. எனவே நல்ல கைக்கு உறை மாட்டி அடக்கிவைத்து, தளர்ந்த கைக்கு இடைவிடாது வேலை கொடுக்கும் முறையை அவர் வகுத்தார். அமெரிக்காவில் 222 நோயாளிகளிடம் அம்முறை ஆராயப்பட்டது. 2006-இல் வெளியான முடிவு, பக்கவாதம் வந்து மாதங்கள் கடந்த பின்னரும் கை தேறுவதற்கு இடமுண்டு என்பதை உறுதிப்படுத்தியது.

முப்பத்திரண்டு

நடக்க நடக்கப் பாதையாகும் என்றால், எத்தனை முறை நடக்க வேண்டும்? விலங்குகளைக் கொண்டு செய்த ஆய்வுகளில், மூளையில் மாற்றம் தென்படுவதற்கு ஒரே அசைவை ஒரு நாளில் பல நூறு முறை செய்ய வைத்திருந்தார்கள். ஆனால் மருத்துவமனைகளில் உண்மையில் நடப்பது என்ன? அமெரிக்காவிலும் கனடாவிலும் மறுவாழ்வுப் பயிற்சி அமர்வுகளை நேரில் கவனித்து எண்ணிய ஆய்வாளர்கள் 2009-இல் அதன் விடையை வெளியிட்டனர். ஓர் அமர்வில் தளர்ந்த கை செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக முப்பத்திரண்டு மட்டுமே.

இதற்கு யாரையும் குறை கூறுவதற்கில்லை. ஓர் இயன்முறை மருத்துவர் ஒரு நாளில் பலரைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. நோயாளிக்கோ, பொருளற்ற அசைவை ஐம்பது முறை செய்வதற்குள் சலிப்பு தட்டிவிடுகிறது. கையை உயர்த்து, இறக்கு, உயர்த்து, இறக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தால் நலமுடன் இருப்பவருக்கே அலுத்துவிடும். நோயுற்றவருக்கு அதனுடன் வலியும் மனத்தளர்ச்சியும் சேர்ந்துகொள்கின்றன. அலுப்பு மருந்தின் அளவைக் குறைத்துவிடுகிறது. ஏனெனில் இங்கே மருந்து என்பதே அசைவின் எண்ணிக்கைதான்.

தாய் பத்து முறை அழைத்தும் உண்ண வராத சிறுவன், அதே மாலையில் ஒரு பந்தை நூறு முறை சுவரில் எறிந்து பிடிக்கிறான். அவன் எண்ணுவது அசைவுகளை அன்று, பிடிகளை. விளையாட்டின் இந்த இயல்பே மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது.

திரைக்குள் நுழைந்த பயிற்சி

2006-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ, 'வீ' என்ற விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதற்கு முன்பிருந்த கருவிகளில் விரல்களால் பொத்தான்களை அழுத்தி ஆட வேண்டும். 'வீ'யின் கைப்பிடிக்குள் முடுக்குமானி என்னும் உணரி இருந்தது. கைப்பிடியை வீசினால், வீச்சின் திசையையும் வேகத்தையும் அது உணர்ந்து திரைக்குத் தெரிவித்தது. கையை மட்டையைப்போல் வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறந்தது. 2010-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட 'கினெக்ட்' என்னும் கருவிக்குக் கைப்பிடியே வேண்டியதில்லை. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களால் ஆடுபவரின் உடலையும் அசைவையும் அதுவே கண்டுகொண்டது.

இல்லத்துக் கூடத்திற்கென உருவாக்கப்பட்ட இக்கருவிகள் விரைவிலேயே பல நாட்டு மறுவாழ்வு மையங்களில் இடம்பெற்றன. விளையாட்டு மூன்று நன்மைகளை ஒருசேரத் தந்தது. முதலாவது, இலக்கு. கையை உயர்த்து என்னும் கட்டளைக்கு மாறாக, அந்தப் பழத்தைப் பறி என்னும் நோக்கம் கிடைத்தது. இரண்டாவது, உடனடி விளைவு. அசைவு சரியாயின் அந்தக் கணமே திரையில் தெரிந்தது. மூன்றாவது, படிநிலை. ஆட்டம் எளிதாகத் தொடங்கி, ஆடுபவர் தேறத் தேறக் கடினமாகிக்கொண்டே சென்றது. மிகவும் எளிதான பணி சலிப்பையும், மிகவும் கடினமான பணி விரக்தியையும் தரும். அவ்விரண்டுக்கும் இடையிலான குறுகிய வழியில்தான் கற்றல் நிகழ்கிறது.

இடர்ப்பாடுகளும் தெரியவந்தன. நலமுடைய சிறுவர்களுக்காக அமைக்கப்பட்ட ஆட்டத்தின் வேகம் நோயாளிக்குப் பொருந்தவில்லை. கைப்பிடியைப் பற்றவே இயலாதவருக்கு 'வீ' உதவவில்லை. மற்றொரு சிக்கல் இன்னும் நுட்பமானது. தோளை உயர்த்தி முழங்கையை நீட்ட வேண்டிய இடத்தில், நோயாளி இடுப்பை வளைத்து உடலையே முன்னே சாய்த்து இலக்கைத் தொட்டுவிடுவார். கருவி அதையும் வெற்றியாகவே எடுத்துக்கொள்ளும். புள்ளி ஏறும், கை தேறாது. அருகிலிருந்து திருத்தும் மருத்துவரின் கண்ணுக்கு ஈடாக எந்த உணரியும் அன்று இல்லை.

சீட்டுக்கட்டும் திரையும்

திரை விளையாட்டு பயன் தருகிறது என்ற பாராட்டு எங்கும் எழுந்தபோது, அதனை முறையாகச் சோதித்துப் பார்க்க ஒரு குழு முன்வந்தது. கனடாவின் டொராண்டோ நகர நரம்பியல் மருத்துவர் குஸ்தாவோ சபோஸ்னிக் அதற்குத் தலைமை ஏற்றார். 2010-இல் 22 நோயாளிகளிடம் நடத்திய சிறு ஆய்வு நம்பிக்கை அளித்தது. அதைத் தொடர்ந்து கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் மருத்துவ மையங்களில், பக்கவாதம் வந்து மூன்று மாதங்களுக்கு உட்பட்ட 141 நோயாளிகளிடம் பெரிய ஆய்வு நடைபெற்றது.

நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் வழக்கமான மறுவாழ்வுப் பயிற்சி தொடர்ந்தது. அதற்கு மேலாக ஒரு பிரிவினர் இரண்டு வாரங்களில் பத்து முறை, முறைக்கு ஒரு மணி நேரம் 'வீ' ஆடினர். மற்றொரு பிரிவினருக்கும் அதே அளவு நேரம் ஒதுக்கப்பட்டது. ஆனால் அவர்களிடம் திரை இல்லை; சீட்டாட்டம், பந்தாட்டம், மரக்கட்டைகளை அடுக்கி உருவும் ஆட்டம் போன்றவையே இருந்தன.

இந்த ஒப்பீட்டின் நேர்மையைக் கவனிக்க வேண்டும். 'வீ' ஆடியவர்களைச் சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டிருந்தால் கருவி எளிதில் வென்றிருக்கும். ஆனால் அவ்வெற்றி கருவியினுடையதா, கூடுதலாகக் கிடைத்த பத்து மணி நேரத்தினுடையதா என்று பிரித்தறிய வழியிருந்திருக்காது. ஆகவே நேரத்தை இருவருக்கும் சமமாக்கி, திரையை மட்டும் ஒரு பக்கம் வைத்தார்கள்.

2016-இல் முடிவு வெளியாயிற்று. இரு பிரிவினரின் கைகளும் தேறியிருந்தன. இரண்டிற்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விலையுயர்ந்த கருவி செய்த பணியை ஒரு சீட்டுக்கட்டும் செய்திருந்தது.

மறு ஆண்டில், அதுவரை உலகில் நடந்த 72 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 2,470 பேரின் விவரங்களையும் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அறிக்கையும் இதற்கு இசைவாகவே அமைந்தது. வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக மெய்நிகர் விளையாட்டை வைத்தால் கைக்குக் கூடுதல் நன்மை இல்லை. வழக்கமான பயிற்சியுடன் சேர்த்துக் கொடுத்து மொத்தப் பயிற்சி நேரத்தை உயர்த்தினால் நன்மை கிடைக்கக்கூடும் என்பதே அதன் சாரம்.

இது விளையாட்டுக்கு எதிரான தீர்ப்பென்று கொள்வது பிழை. தோற்றது புதிய கருவியின்மீது வைக்கப்பட்ட அளவுகடந்த நம்பிக்கை மட்டுமே. சீட்டாடியவர்களும் விளையாடியவர்கள்தாம். சீட்டைக் கலைத்தனர்; பகிர்ந்தனர்; விரலால் பிரித்தெடுத்தனர்; எதிரே அமர்ந்தவரை வெல்ல எண்ணி மீண்டும் மீண்டும் கையை நீட்டினர். கோலி உருட்டிய பெட்ரோவிடம் ஜார்ஜ் கண்ட உண்மையே 141 நோயாளிகளிடத்தும் புலப்பட்டது. கையை மீட்பது மனம் ஒன்றிச் செய்யும் அசைவின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையை அலுப்பின்றி உயர்த்துவதற்குரிய சூழ்ச்சியே விளையாட்டு.

வேலூரில் ஒரு முயற்சி

அப்படியானால் கருவிகளுக்கு வேலையே இல்லையா? உண்டு. விரலைச் சிறிதும் அசைக்க இயலாதவரால் சீட்டும் ஆட முடியாது. கோலியும் உருட்ட முடியாது. அவருடைய கையை அசைத்துக் கொடுத்து, அவர் முயலும் அளவுக்கு உதவியைக் குறைத்துக்கொண்டே வரும் துணை ஒன்று வேண்டும். அத்தகைய துணையை உருவாக்கும் முயற்சி தமிழகத்திலேயே நடந்திருக்கிறது.

திருவள்ளூர் வழியே அரக்கோணம் சென்று மேற்கே நீளும் இருப்புப்பாதை காட்பாடியை அடைகிறது. அதை அடுத்துள்ள வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு மறுவாழ்வு மருத்துவத்தில் நீண்ட மரபு உண்டு. அங்கே மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த ஊர்தி விபத்தால் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறையை வேலூரில் வளர்த்தெடுத்தார். அவருடைய முயற்சியால் 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தோன்றியது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அந்த மரபின் தொடர்ச்சியாக, அக்கல்லூரியின் உயிர்ப்பொறியியல் துறைப் பேராசிரியர் சிவகுமார் பாலசுப்பிரமணியன் குழுவினரும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழுவினரும் இணைந்து கைப்பயிற்சிக்கான எந்திரம் ஒன்றை உருவாக்கினர். பொருத்து, பயிற்சி செய் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாக அதற்குப் 'புளூட்டோ' என்று பெயரிட்டனர். அதன் வடிவமைப்பை விளக்கும் கட்டுரை 2021-இல் ஆய்விதழில் வெளியாயிற்று.

புளூட்டோவின் சிறப்பு அதன் சிக்கனத்தில் இருக்கிறது. மணிக்கட்டை மடக்கி நீட்ட ஒரு கருவி, முன்கையைத் திருப்ப ஒரு கருவி, விரல்களை விரித்து மூட ஒரு கருவி எனத் தனித்தனியே வாங்கினால் செலவு பெருகும். புளூட்டோவில் ஒரே ஒரு மின்னோடிதான் உண்டு. தேவைப்படும் அசைவுக்கேற்ப அதன்மேல் வெவ்வேறு கைப்பிடியைப் பொருத்திக்கொள்ளலாம். நோயாளியின் கை அசையும்போது இணைக்கப்பட்ட கணினித் திரையில் விளையாட்டு நகர்கிறது. கை எட்டாத இடத்தில் எந்திரம் சிறிது தள்ளி உதவுகிறது. மேசைமேல் வைக்கத்தக்க சிறிய உருவம் உடையதால், பெருநகர மருத்துவமனைக்கு நாள்தோறும் வர இயலாதவர் வீட்டிலேயே பயிற்சி பெற வழி பிறக்கிறது. இங்கே விளையாட்டு எந்திரத்தின் அழகுக்காகச் சேர்க்கப்பட்டதன்று. நோயாளி நாளையும் வந்து அமர்வதற்காகச் சேர்க்கப்பட்டது.

குழியில் விழும் மணி

எல்லா இல்லங்களுக்கும் எந்திரம் சென்றுசேரும் நாள் இன்னும் வரவில்லை. ஆனால் மனிதர் செல்லும் வழி திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்து தருவதோடு, நடமாட இயலாதோர் இல்லம் சென்று இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் ஒரு பகுதி. 2022 சனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருவள்ளூர்க் கல்லூரியும் ஒன்று. பக்கவாதத்திற்கு முதன்மைக் காரணமான உயர் இரத்த அழுத்தத்தை முன்கூட்டியே கண்டறிந்து கட்டுப்படுத்துவது, வந்தபின் மீட்பதைக் காட்டிலும் எளிது.

வந்துவிட்ட இல்லத்தில், இயன்முறை மருத்துவர் வந்து சென்ற பின் எஞ்சியிருக்கும் நாள்கள் யாருடையவை? அவை குடும்பத்தினருடையவை. அங்கேதான் நம் மண்ணின் விளையாட்டுகள் புதுப்பொருள் பெறுகின்றன.

பக்கவாதம் வந்த கைக்குப் பற்றுவதைவிட விடுவதே பெரும்பாலும் கடினம். மடக்கும் தசைகள் இறுகிவிடுவதால், பிடித்த பொருளை விட்டுவிட விரல்கள் விரிவதில்லை. பல்லாங்குழியை நினைத்துப் பார்க்கலாம். பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள். ஒரு குழியின் புளியங்கொட்டைகளை அள்ள வேண்டும். அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக விட வேண்டும். அள்ளும்போது விரல்கள் மூடுகின்றன. ஒற்றை விதையை மட்டும் நழுவவிடும்போது அவை அளந்து திறக்கின்றன. பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கை செல்லும்போது தோளும் முழங்கையும் நீளுகின்றன. எண்ணிக்கை வைக்கும்போது நினைவாற்றலும் சேர்ந்து உழைக்கிறது. தாயக்கட்டையை உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டும்போது இரு கைகளும் ஒத்திசைந்து இயங்கப் பழகுகின்றன. திரை விளையாட்டில் கண்ட இலக்கும், உடனடி விளைவும், படிநிலையும் இவ்விளையாட்டுகளிலும் இருக்கின்றன. எதிரே அமர்ந்து ஆடும் மனிதர் ஒருவரும் இருக்கிறார்.

திரையை நன்கறிந்த இளையோரின் பங்கும் இதில் உண்டு. 'வீ'யின் கைப்பிடிக்குள் இருந்ததைப் போன்ற முடுக்குமானி அவர்களுடைய கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. கைப்பேசியைச் சாய்த்துப் பந்தை உருட்டும் எளிய ஆட்டம், மருத்துவரின் அறிவுரைப்படி அமைந்தால், மணிக்கட்டுக்கு ஒரு பயிற்சியாகும். எவ்விளையாட்டாயினும் எச்சரிக்கை தேவை. தளர்ந்த தோளைப் பிடித்து இழுத்தல் கூடாது. வலி தோன்றினால் நிறுத்த வேண்டும். உடல் சாய்ந்து கை ஏமாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். தாத்தா தோற்றுக்கொண்டே இருந்தால் ஆட்டத்தை எளிதாக்குவதும், தொடர்ந்து வென்றால் கடினமாக்குவதும் பேரப்பிள்ளையின் பொறுப்பு. அது ஒரு மென்பொருள் செய்யும் வேலைதான். ஆயினும் தாத்தாவின் முகத்தைப் படிக்கப் பேரப்பிள்ளையால் முடியும்.

கை முழுமையாக மீளும் என்று எல்லாருக்கும் உறுதியளிக்க எந்த மருத்துவராலும் இயலாது. சிலருக்கு விரல்கள் திறக்கும். சிலருக்குக் கை துணைக்கையாக மட்டும் நிற்கும். உருட்டாலைக்குத் திரும்ப முடியாதவர் தம் சட்டைப் பொத்தானைத் தாமே மாட்டிக்கொள்ளக் கூடும். அந்த ஒரு பொத்தானுக்குப் பின்னால் எண்ணற்ற அசைவுகள் இருக்கும். ஆடியவர் அவற்றை எண்ணியிருக்க மாட்டார். நடுங்கும் விரல்களிலிருந்து ஒரு புளியங்கொட்டை நழுவிக் குழியில் விழும் ஓசை கேட்கும். கை அடுத்த குழியை நோக்கி நகரும்.